கையிருப்பு மூச்சு

ஒரு மனிதனின் முழு மூச்சு என்ன விலை என்று கேட்டால், அந்த மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் பதில் தயாராக இருந்தது: ஒன்றுமில்லை. ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களுக்கு ஊதுகிற டெஸ்ட் இலவசம், ஸ்கேன் இலவசம், ரத்தம் எடுத்தால் அதற்கும் காசில்லை. வந்துபோகிற வண்டிச்செலவைக்கூடக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். என் அக்கா புருஷன் வியாபாரி. விலை கேட்ட இடத்தில் "சும்மா எடுத்துக்கோங்க" என்று பதில் வந்தால், அவர் கை தானாகப் போய்ச் சட்டைப்பையைப் பொத்திக்கொள்ளும்.

"மாப்ளே," என்றார் என் காதோரம். "சும்மா குடுக்கிறவன் எதையோ பெருசா எடுத்துக்கப் போறான். கண்ணத் தொறந்து வச்சுக்க."

நானும் அவரும் கூட்டு வியாபாரம். கயிறு, சாக்கு, தார்ப்பாய். முதல் போட்டது நான், வாய் போட்டது அவர். லாபத்தில் ஆளுக்குப் பாதி என்பதை வைத்து யார் போட்டது பெரிது என்று தெரிந்துகொள்ளலாம். கடைத்தெருவில் அவருக்குப் பேர் பாதிவிலை. யார் என்ன சொன்னாலும் அதில் பாதியில் ஆரம்பிப்பார். ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில், "ரெண்டா எடுத்தா என்ன போட்டுக் குடுப்பீங்க?" என்று கேட்டு, ஆடாத பல் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வெற்றியோடு வீடு திரும்பியவர்.

அவருக்கு இருமல் வந்தது. வறட்டு இருமல். ஒரு வருடம் அதைத் தூசி என்றார், இன்னொரு வருடம் வயசு என்றார். மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரில் மாட்டியிருக்கிற படத்தை ரசிப்பதுபோல மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் அக்கா அவரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அந்தப் படம் வாங்கிப் பதினெட்டு வருடமாகிறது. அதுவரை அவர் அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

டாக்டரம்மா குள்ளமானவர். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். "இருக்கலாம்", "பார்க்கலாம்" என்ற வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவு செய்கிறவர். ஸ்கேன் படத்தைப் பார்த்தார், முதுகில் குழலை வைத்துக் கேட்டார், அப்புறம் சம்பந்தமே இல்லாததுபோல ஒன்று கேட்டார்.

"சாக்கு வாங்கும்போது தரம் எப்படிப் பார்ப்பீங்க?"

பாதிவிலைக்கு முகம் மலர்ந்துவிட்டது. தொழிலைப் பற்றி ஒரு டாக்டர் கேட்கிறார்! மேசைமேல் கிடந்த துண்டை எடுத்துக் கட்டாக மடித்து, நடுவில் விரலை விட்டுப் பிளந்து, மூக்கை உள்ளே புதைத்து, நன்றாக ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். "ஈரம் ஏறின சாக்கு கண்ணுக்குத் தெரியாது டாக்டரம்மா. மூக்குக்குத்தான் தெரியும். ஒரு கட்டு விடமாட்டேன்."

"எத்தனை வருஷமா?"

"கடை வச்ச நாள்லேருந்து. இருபத்திரெண்டு."

"பூஞ்சை பிடிச்ச சாக்கை இருபத்திரெண்டு வருஷமா மோந்திருக்கீங்க. அதுதான் உள்ள போய் நுரையீரலைக் கெடுத்திருக்கு. அங்கங்க தழும்பு விழுந்திருக்கு." ரத்தப் பரிசோதனை முடிவைத் திருப்பிக் காட்டினார். பார்த்து எங்களுக்கு என்ன புரியப்போகிறது, தலையை மட்டும் ஆட்டினோம். "இன்னியிலேருந்து கிடங்குக்குள்ள கால் வைக்கக் கூடாது. மோந்து பார்க்கிற வேலையே வேணாம்."

"நான் மோக்கலேன்னா யார் மோக்கறது?"

"ஈரம் காட்டுற கருவி கடையில விக்குது. பேனா அளவுதான் இருக்கும்."

"என்ன விலை?" என்றார் பாதிவிலை உடனே.

பிறகுதான் டாக்டரம்மா ஆராய்ச்சியைச் சொன்னார். சாக்கை விட்டு விலகினால் சிலருக்குத் தழும்பு அத்தோடு நின்றுவிடும். சிலருக்கு நிற்காது, அது பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். யாருக்கு நிற்கும், யாருக்கு நடக்கும் என்று முன்னாலேயே சொல்ல முடியுமா என்பதைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். "நடக்கிற தழும்போட வேகத்தைக் குறைக்க ஒரு மருந்து இருக்கு. வயித்தைக் கலக்கும், பசியைக் கெடுக்கும், ஈரலையும் கண்காணிக்கணும். அதனால எல்லாருக்கும் குடுக்கிறதில்ல. ஊதுற அளவு குறையுதுன்னு தெரிஞ்சா, மருந்துக் குழு பார்த்துக் குடுக்கும். குறையலேன்னா தேவையில்ல. போன திசு திரும்பி வராது. அதனால சரியான நேரத்துல பிடிக்கணும். புரியுதா?"

"புரியுது. குறைஞ்சா மருந்து. குறையலேன்னா நான் நல்லா இருக்கேன்," என்றார் பாதிவிலை. ஒப்பந்தம் அவருக்கு நன்றாகப் புரிந்தது. அதில் தன் கட்சி எது என்பதுதான் புரியவில்லை.

ஆராய்ச்சிக்கென்று முதல் வேலை மறுபடி ஒரு ஸ்கேன். அதை முடித்துவிட்டு ஊதுகிற அறைக்குப் போனோம். அங்கே இருந்தவருக்கு நான் வைத்த பேர் ஏலக்காரர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் நான்கு ஆள் சைஸ். மூக்கில் கிளிப்பை மாட்டி, அட்டைக் குழலை வாயில் கொடுத்து, "இழுங்க, இழுங்க, முழுசா இழுங்க, இப்ப ஊதுங்க! ஊது ஊது ஊது ஊது, இன்னும் இன்னும், விடாதீங்க, இன்னும் இருக்கு, இருக்கு, இருக்கு!" என்று கத்துவார். காய்கறிச் சந்தையில் கடைசி மூட்டையைத் தள்ளிவிடுகிறவன்கூட அவ்வளவு உயிரைக் கொடுத்துக் கத்தமாட்டான்.

மூன்று தடவை ஊத வேண்டும். பாதிவிலை மூன்று தடவையும் ஊதினார். திரையில் எண் விழுந்தது. இரண்டு லிட்டர் நானூறு மில்லி. மறுபடி இரண்டு நானூறு. மறுபடியும் அதே.

ஏலக்காரர் வாயைப் பிளந்தார். "ஐயா, இங்க வர்றவங்க முதல் தடவை ஒரு மாதிரி, அடுத்தது ஒரு மாதிரி ஊதுவாங்க. சில பேருக்கு எட்டுத் தடவை வாங்கியும் ஒத்து வராது. நீங்க தராசுல வச்ச மாதிரி ஊதிட்டீங்களே!"

"தொழில் அப்படி," என்றார் பாதிவிலை, மூக்கிலிருந்து கிளிப்பைக் கழற்றிக்கொண்டே. வெளியே வந்ததும் கயிறு ஆலைக்காரனுக்குப் போன் போட்டு, லிஃப்ட் வரும்வரை மூச்சு விடாமல் சண்டை பிடித்தார். நோயாளி மாதிரியே தெரியவில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆறு மாதம் கழித்துப் போனோம். எண் அதேதான்.

டாக்டரம்மா அந்த எண்ணை ஒரு கோடாக வரைந்து காட்டினார். ஏற்ற இறக்கம் இல்லாத மட்டக் கோடு. அக்கா அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள். சமையலறையில், கடையில், பஸ்ஸில் என்று எங்கே இருந்தாலும் அந்தப் படத்தை எடுத்துப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரிகள் பேரப்பிள்ளை படத்தைக் காட்டினால் இவள் புருஷன் நுரையீரலைக் காட்டுவாள். இரண்டு வருடமாக அரைத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தவள் அந்த மாதம் குறட்டை விட்டாள் என்று அவரே என்னிடம் புகார் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும். ஏதோ குறட்டையை அவரே மொத்த விலைக்கு வாங்கி வந்து கொடுத்த மாதிரி.

கிடங்குப் பக்கம் அவர் போவதில்லை. ஈரம் காட்டுகிற கருவி வாங்கிவிட்டோம். கிடங்கில் காற்று வர ஜன்னல் வைத்துவிட்டோம். எல்லாம் சொன்னபடி. கோடும் சொன்னபடி நின்றது.

அப்புறம் ஒரு நாள் கயிறு ஆலையின் ஏஜென்ட் வந்தான். பதினைந்து வருடப் பழக்கம். அவன் ஒரு விலை சொல்வான், இவர் சிரிப்பார், அவன் எழுந்து போவான், இவர் கூப்பிடுவார், டீ வரும், அவன் அழுவான், இவர் அதைவிட அதிகமாக அழுவார். இரண்டு மணி நேரம் ஆகும். எனக்கு அது சினிமாவுக்குப் போகிற மாதிரி, நாற்காலியைச் சரிபண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஏஜென்ட் விலையைச் சொன்னான்.

பாதிவிலை வாயைத் திறந்தார். மூடினார். மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். "சரி," என்றார். "அனுப்பிடு."

ஏஜென்ட் பயந்துபோனான். நிஜமாகச் சொல்கிறேன், அவன் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, நான் சொன்னது ஆரம்ப விலைண்ணே," என்றான். "நீங்க ஒண்ணுமே கேக்கலியே?"

"சரின்னு... சொல்லிட்டேன்ல."

அவன் தானாகவே பத்து சதவீதம் குறைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பாதிவிலை முழு விலை கொடுத்தார்! எதிர்க்கடை இரும்புக்காரர் துக்கம் விசாரிக்கிற குரலில் வந்து, "வீட்டுல எதாவது பிரச்சனையா?" என்று கேட்டார்.

எனக்குத்தான் காரணம் தெரிந்தது. பேரம் பேச மூச்சு வேண்டும். ஒரு வாக்கியத்தை முடிக்காமல் இழுக்க வேண்டும், சிரிக்க வேண்டும், குரலை ஏற்ற வேண்டும், பெருமூச்சு விட வேண்டும். அந்த மூச்சு அவரிடம் இல்லை. மெஷின் என்ன சொன்னால் என்ன, அவரிடம் இல்லை.

ஒரு வருடம் முடிந்து மூன்றாவது தடவை போனோம். முதலில் ஸ்கேன், அப்புறம் ஏலக்காரர் அறை. இந்தத் தடவை வேடிக்கையாக இல்லை. முதல் ஊதலிலேயே கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. மூன்றாவது ஊதல் முடிந்ததும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. திரையில்: இரண்டு நானூறு. இரண்டு முந்நூற்று இருபது. இரண்டு முந்நூற்று எழுபது. மூன்றில் பெரியதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே இரண்டு நானூறு.

"அதே அளவு!" என்றார் ஏலக்காரர். ஆனால் இந்தத் தடவை அவர் குரலில் கொண்டாட்டம் இல்லை. கிளிப்பை அவரே மெதுவாகக் கழற்றிவிட்டார்.

அக்கா வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இருவரும் டாக்டரம்மாவின் அறைக்குள் போனோம். அவர் திரையில் இரண்டு ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊதுற கணக்கு நீங்க அப்படியே இருக்கீங்கன்னு சொல்லுது," என்றார். "ஸ்கேன் நீங்க அப்படியே இல்லேன்னு சொல்லுது. எங்க புள்ளிவிவரக்காரர் உங்களைக் கணக்குலேருந்து எடுத்துடலாம்ங்கிறார். ரெண்டும் ஒத்து வரலையாம். அப்படி எடுத்துட்டா என் ஆராய்ச்சி சுத்தமா இருக்கும். நீங்க மருந்தில்லாம வீட்டுக்குப் போவீங்க. எனக்கு அது பிடிக்கல."

நான் குறுக்கே விழுந்தேன். "டாக்டரம்மா, ஒண்ணு சொல்லணும். போன மாசம் இவர் கேட்ட விலையக் குடுத்துட்டார்."

வேறு டாக்டராக இருந்தால் என்னை வெளியே அனுப்பியிருப்பார். இவர் பேனாவைக் கீழே வைத்தார். "முழுசாவா? ஒரு வார்த்தை பேசாமலா?"

"ஒரு வார்த்தை பேசாம."

"எங்க அப்பாவுக்கு மரக்கடை," என்றார் டாக்டரம்மா. "சாகுற வரைக்கும் நர்ஸ்கிட்ட ஊசிக்கு விலை பேசினார்." பிறகு நாற்காலியைப் பாதிவிலைப் பக்கம் இழுத்துப் போட்டு, எதிரெதிராக உட்கார்ந்தார். சரக்கு பார்க்க வந்த ஆள் உட்கார்கிற மாதிரியே. "ஐயா, முதல் நாள் மூணு ஊதலும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணா இருந்துச்சு. இன்னிக்கு மூணும் சிதறிக் கிடக்கு. உடம்புல இருக்கிறதையெல்லாம் குடுத்து ஊதினா கொஞ்சம் சிதறத்தான் செய்யும். எவ்வளவு குடுக்கணும்னு முடிவு பண்ணிட்டு ஊதினாத்தான் அப்படி ஒண்ணா வரும். சொல்லுங்க. முதல் நாள் எவ்வளவு கையில நிறுத்தி வச்சீங்க?"

பாதிவிலை கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார், அதற்கு அந்தப் பக்கம்தான் அக்கா.

"ஆறுல ஒரு பங்கு," என்றார்.

"அடப்பாவி மாமா!" என்றேன் நான்.

"கத்தாத. அவளுக்குக் கேக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். நடுநடுவே நின்று மூச்சு வாங்கினார். "டாக்டரம்மா, முதல் நாளே இருக்கிறதையெல்லாம் மேசையில வச்சிட்டா, அப்புறம் எதை வச்சுப் பேசறது? நான் வியாபாரி. எப்பவும் கொஞ்சம் உள்ள வச்சிருப்பேன். அந்த ஆளு 'இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு'ன்னு கத்தினாரு. எதிராளி அப்படிக் கத்தினா ஒரு காசு விடக்கூடாது, எனக்குத் தெரியாதா?"

"சரி. ரெண்டாவது தடவை?"

"ரெண்டாவது தடவை... கையிருப்புலேருந்து கொஞ்சம் எடுத்துப் போட்டேன். அவ கோட்டைப் பார்த்துட்டுத் தூங்கறா டாக்டரம்மா. எத்தனையோ நாள் கழிச்சுத் தூங்கறா. கோடு இறங்கினா எந்திரிச்சு உக்காந்துக்குவா. இன்னிக்கு மிச்சத்தையும் போட்டுட்டேன்." கையை விரித்துக் காட்டினார். "இனிமே போட ஒண்ணும் இல்ல."



எனக்குக் கோபம் தலைக்கேறியது. மருந்துக்குத் தகுதி வேண்டுமென்றால் குறைய வேண்டும். குறைந்ததை இந்த மனுஷன் தன் சொந்தக் கிடங்கிலிருந்து எடுத்து நிரப்பிவிட்டார். போன வருடத்து மூச்சை இன்றைக்கு மறுபடி ஊதிக் காட்டவும் முடியாது. "ஆறுல ஒரு பங்கு வச்சிருந்தேன்" என்ற வாய்வார்த்தையை எந்தக் குழு நம்பும்? நானாக இருந்தால் நம்பமாட்டேன். அவரோடு இத்தனை வருடம் வியாபாரம் செய்தவன் நான்.

டாக்டரம்மா பதறவில்லை. "ஸ்கேன் எடுத்தப்போ?" என்றார். "படுக்க வச்சு, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லியிருப்பாங்களே. அதுலயும் ஆறுல ஒரு பங்கு நிறுத்தி வச்சீங்களா?"

"அங்க எதுக்கு?" பாதிவிலைக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அங்க யாரு இருந்தா? ரூமுக்குள்ள ஒரு ஆள் கிடையாது. 'மூச்சை இழுங்க, பிடிங்க'ன்னு ஒரு ரெக்கார்டு ஓடுது. ரெக்கார்டுகிட்ட என்னத்த பேரம் பேசறது? இழுக்கச் சொல்லுச்சு, முட்ட முட்ட இழுத்துட்டுக் கிடந்தேன்."

டாக்டரம்மா சிரித்தார். அந்த ஒரு வருடத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. வாய்விட்டு, நாற்காலி ஆடச் சிரித்தார்.

"அது போதும்," என்றார். "முழு மூச்சு உள்ள இருக்கும்போது எடுத்த படம். அந்தப் படத்துலேருந்து நுரையீரல் எவ்வளவு பெருசுன்னு அளக்க முடியும். இன்னிக்கு எடுத்ததையும் அளக்கறேன். ஊதுற மெஷின்தான் உங்ககிட்ட ஏமாந்துச்சு, ஸ்கேன் ஏமாறல. குழுகிட்ட நான் பார்த்துக்கறேன்."

"நம்புவாங்களா?" என்றேன்.

"நம்பிக்கைய வச்சு நான் எதையும் கேக்கறதில்ல. கணக்க வச்சுதான் கேப்பேன்." எழுந்து கதவுப் பக்கம் போனவர் திரும்பினார். "ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. வெளியில உக்காந்திருக்கிறவங்களுக்கு நீங்களே சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

பாதிவிலை என்னைப் பார்த்தார். "மாப்ளே, நீ வேணா..."

"ஆளை விடுங்க மாமா. எனக்கு ஒரே ஒரு அக்காதான்."

அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவர் சொன்னார். சுற்றி வளைக்காமல், விலையை ஏற்றி இறக்காமல் ஒரு விஷயத்தை அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். மூச்சு போதாததால்கூட இருக்கலாம். இத்தனை வைத்திருந்தேன், இத்தனை எடுத்துப் போட்டேன், இப்போது இல்லை.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். அந்தக் கோட்டுப் படத்தைத் தேடி எடுத்தாள். அவர் கண் முன்னால் பிடித்தாள்.

"அப்போ இது?"

"அது... உனக்காக..."

"எனக்குத் தள்ளுபடி போட்டுக் குடுத்தீங்களா?" குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தெருவுல இருக்கிறவன் எல்லாருக்கும் ஒரு விலை சொல்லி, மனசுல ஒரு விலை வச்சிருப்பீங்க. பரவாயில்ல, அது தொழில். நான் என்ன உங்க வாடிக்கைக்காரியா?"

அவர் போனை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"நான் தூங்கறதுக்கு நீங்க சாகணுமா? தூக்கம் வரலேன்னா நான் எந்திரிச்சு உக்காந்துட்டுப் போறேன். கூட உக்காந்து பேச ஆளு வேணும் எனக்கு. கோடு எதுக்கு?" படத்தை அழித்தாள். போனைப் பைக்குள் போட்டுப் பையை மூடினாள். பிறகு டாக்டரம்மாவிடம் திரும்பி, "இவருக்கு மருந்து எப்போ கிடைக்கும்?" என்றாள்.

"குழு கூடுறது வியாழக்கிழமை."

"நானும் வரட்டுமா?"

"வேணாங்க," என்றார் டாக்டரம்மா. "நீங்க வந்தா அவங்க பயந்து ஒத்துக்கிட்டாங்கன்னு ஆயிடும். நான் ஜெயிச்சு வாங்கணும்."

வியாழக்கிழமை என்ன நடந்தது என்பதை அடுத்த வாரம் அவர் வாயாலேயே கேட்டோம். இரண்டு ஸ்கேனிலும் தேதியை மறைத்து, எது முந்தியது எது பிந்தியது என்று சொல்லாமல், வேறு ஊர் டாக்டர் ஒருவரிடம் அளக்கக் கொடுத்திருக்கிறார். ஒன்றில் நுரையீரல் நாலு லிட்டர் முந்நூற்று இருபது. இன்னொன்றில் மூன்று லிட்டர் அறுநூறு. குழுவில் இரண்டு பேர் ஊதின கணக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முரண்டு பிடித்தார்களாம். டாக்டரம்மா இரண்டு எண்ணையும் பலகையில் எழுதி, "வகுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆறில் ஒரு பங்கு குறைவு. மில்லி பிசகாமல்.

"உங்க வாய்க்கணக்கும் ஸ்கேன் கணக்கும் ஒண்ணா வந்துடுச்சு ஐயா," என்றார். "எங்க மெஷினுக்குக்கூட இவ்வளவு கச்சிதம் கிடையாது. மருந்து கிடைச்சாச்சு."

பாதிவிலை என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினார். மனுஷனுக்குத் திமிர் மட்டும் தழும்பு விழாமல் அப்படியே இருந்தது.

"இன்னொண்ணு," என்றார் டாக்டரம்மா. "முதல் நாள் மூணு ஊதலும் அச்சடிச்ச மாதிரி வந்தவங்க வேற யாராவது இருக்காங்களான்னு ஆராய்ச்சி முழுக்கத் தேடிப் பார்த்தேன். ஏழு பேர். அதுல நாலு பேர் உங்க கடைத்தெரு. எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டிருக்கேன். என்னங்க, அந்தத் தெருவுல யாருமே முழுசா மூச்சு விடமாட்டீங்களா?"

"இரும்புக்காரன் இருக்கானா அந்த நாலுல?" என்று ஆவலாகக் கேட்டார் பாதிவிலை.

"சொல்லமாட்டேன்."

"இருப்பான். அவன் தும்மலைக்கூடப் பாதியில நிறுத்திக்குவான்."

இப்போது முன்கணிப்பு. டாக்டரம்மா ஒளிக்கவில்லை, அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். மருந்து இல்லாமல் விட்டால், இதே மாதிரி நுரையீரல் உள்ளவர்களுக்கு அடுத்த வருடம் இன்னும் நானூறு மில்லி போகும். மருந்து ஒழுங்காக உள்ளே போனால் இருநூறோடு நிறுத்தலாம். போனது திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் பேச்சு. இதுவரை வந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு இது, கூடக் குறைய ஆகலாம் என்றார். ஆனால் அவர் சொன்ன விதத்தில், கணக்கு கூடிப்போனால் அவரே நேரில் வந்து கேள்வி கேட்பார் போலிருந்தது.

பாதிவிலை முன்னால் சாய்ந்தார். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவர் கண்ணில் அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். ஏஜென்ட் வரும்போது வருமே, அது.

"இருநூறு ஜாஸ்தி," என்றார். மூச்சு வாங்கினார். "நூறுக்கு முடிங்க."

"நான் விக்கிறவ இல்லீங்க. உங்க நுரையீரல்கிட்டத்தான் கேக்கணும்."

"பழைய வாடிக்கை... டாக்டரம்மா."

"மாத்திரையை ஒருவேளைகூட விடாம சாப்பிட்டு, நடைப்பயிற்சி செஞ்சு, சாக்கு இருக்கிற பக்கம் தலைவச்சுப் படுக்காம இருந்தா... நூத்தைம்பது."

"நூறு."

"ஐயா!"

"நூறுன்னு எழுதிக்கோங்க. வராட்டி நான் பாத்துக்கறேன்."

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

மருந்து சொன்னபடியே வயிற்றைக் கலக்கியது. ஒரு மாதம் அவர் கடையைவிடக் கழிப்பறையில்தான் அதிக நேரம் வியாபாரம் பண்ணினார். சட்டை இரண்டு சுற்றுப் பெரிதானது. நிறுத்திவிடலாம் என்று ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தார். அக்கா மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து எதிரில் நின்றாள். அவர் பேரம் பேசாமல் வாங்கி விழுங்கினார். இரவில் தூக்கம் வராதபோது இருவரும் எழுந்து உட்கார்ந்து பேசுகிறார்களாம். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். "உனக்கெதுக்கு?" என்றாள்.

ஒரு வருடம் கழித்து மறுபடி ஏலக்காரர் அறை. கிளிப், அட்டைக் குழல், கத்தல். பாதிவிலை ஊதினார். முகம் சிவக்க, தோள் குலுங்க, கடைசிச் சொட்டு வரை ஊதினார். மூன்று எண்ணும் மூன்று விதமாக வந்தது. அதைப் பார்த்ததும் அக்கா கை தட்டினாள். சிதறிய எண்ணுக்குக் கை தட்டிய முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

டாக்டரம்மா பெரிய எண்ணை எடுத்துக்கொண்டார். இரண்டு லிட்டர் இருநூற்று எழுபது. "உங்களை மாதிரி ஆளுங்களுக்கு நாங்க எதிர்பார்த்ததைவிட நல்லா இருக்கு," என்றார். "நூத்தைம்பதுன்னு நான் சொன்னதைவிடவும் நல்லா இருக்கு."

"நான் சொன்னதைவிட இல்லியே," என்றார் பாதிவிலை. அங்கேயே, அந்த மேசையிலேயே, என்னைக் கணக்குப் போடச் சொன்னார். போட்டேன்.

போன வருட இருப்பு, இரண்டு லிட்டர் நானூறு. இந்த வருடம் கைவசம், இரண்டு இருநூற்று எழுபது. போனது நூற்று முப்பது. பேசி முடித்தது நூறு. மீதி முப்பது மில்லி நிலுவையில் நிற்கிறது. அதை நுரையீரல் தர வேண்டுமா, மருந்து தர வேண்டுமா, டாக்டரம்மா தர வேண்டுமா என்பது இன்னும் முடிவாகவில்லை.